இடம் சொல்லாதவர்

அவர் பெயரை எழுதப்போவதில்லை. ஊர்ப் பெயரும் கிடையாது. ஜெயங்கொண்டத்துக்கும் கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் நடுவே முந்திரிக்காட்டை ஒட்டி ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த அளவுகூட எதற்குச் சொன்னாய் என்றுதான் அவர் கேட்பார். அவருடைய மனைவி போன ஐப்பசியில் காலமாகிவிட்டார். அந்த அம்மா இருந்திருந்தால் இதில் ஒரு வரியும் எழுதியிருக்க மாட்டேன். என்னோடு வந்தவனுக்கு சுதாகர் என்று நானாக ஒரு பெயர் வைக்கிறேன். அவன் வாட்ஸ்அப்பைத் தவிர வேறு எதையும் வாசிக்கிற ஆள் இல்லை. அந்தத் தைரியமும் ஒன்று இருக்கிறது.

"நீங்க இங்க வந்திருக்கிறது யாருக்கெல்லாம் தெரியும்?"

அவர் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். வாங்க என்றும் சொல்லவில்லை, உட்காருங்க என்றும் சொல்லவில்லை. கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, காதைக் கிட்டே கொண்டுபோனால்தான் கேட்கும் என்கிற குரலில் கேட்டார். ஒல்லியான ஆள். கைவைத்த பனியன், வெள்ளை வேட்டி.

நாங்கள் பெரம்பலூரில் சரித்திரம் படித்துக்கொண்டிருந்தோம். கடைசி வருடம். சுற்றுவட்டாரத்தில் இருக்கும் முன்னாள் ராணுவத்தினரைப் பேசவைத்துப் போனில் பதிவு செய்து வாருங்கள் என்று எங்கள் மேடம் அனுப்பியிருந்தார். மற்றவர்களுக்கெல்லாம் வாய்த்தவர்கள் மீசையை முறுக்கிக்கொண்டு, மெடலைக் குத்திக்கொண்டு, நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தாமல் பேசுகிறவர்கள். எங்கள் தலையில் இவர்தான் என்று எழுதியிருந்தது.

யாருக்குத் தெரியும் என்றால் நான் என்ன சொல்வேன்? லப்பைக்குடிக்காட்டில் என் அம்மாவிடம் காலேஜ் லைப்ரரிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். ஒரு பையனோடு ஜெயங்கொண்டம் வரைக்கும் பஸ் ஏறினேன் என்று தெரிந்தால் அம்மா வீட்டை இரண்டாக்கிவிடுவார்.

"எங்க மேடத்துக்குத் தெரியும்ங்கய்யா" என்றேன்.

"அவங்களுக்கு இந்த வூடு தெரியுமா?"

"தெரியாதுங்க."

"அப்ப நல்லது" என்று கதவை முழுதாகத் திறந்தார்.

அல்லாஹ்வே, இந்த ஆள் எங்களை முந்திரிக்காட்டில் புதைத்துவிட்டாலும் தேடி வர ஆள் கிடையாதே! சுதாகரைப் பார்த்தால் அவன் எனக்கு முன்னால் வெளிறிப் போயிருந்தான். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "பயப்படாத பாப்பா. அவரு எல்லாத்துக்கிட்டயும் இப்படித்தான் கேப்பாரு. மோரு குடிக்கிறியா?"

வாசல் வேப்பமரத்தில் ஓர் ஆணி. ஆணியில் மூடி போட்ட எவர்சில்வர் தூக்குவாளி. வருகிறவர்கள் போனை அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். பால்காரர், கேஸ்காரர், பத்திரிகை வைக்க வந்த சொந்தக்காரர், யாராக இருந்தாலும் சரி. பதிவு செய்யவே போனை எடுத்து வந்த எங்களுக்கு எப்படி இருந்திருக்கும் பாருங்கள். கெஞ்சிக் கூத்தாடியதில் ஒரு வழி சொன்னார். என் போனை வாங்கி, மனைவியிடம் ஊக்கு கேட்டு, சிம்மை நோண்டி எடுத்தார். பேட்டி முடிகிறவரை அந்தச் சிம்மைத் தன் உள்ளங்கையில் மூடியே வைத்திருந்தார். திருப்பித் தரும்போது அது வேர்வையில் நனைந்திருந்தது.

அப்படியாவது ஏதாவது சொன்னாரா என்றால், அதுவும் இல்லை.

"எங்கங்கய்யா வேலை பாத்தீங்க?"

"மேல."

"மேலன்னா?"

"மலை."

"எத்தன பேருங்கய்யா இருந்தீங்க?"

"இருந்தோம்."

வகுப்பில் மேடம் அதைப் போட்டுக் காட்டியபோது எல்லாரும் சிரித்து உருண்டார்கள். யாராவது கேள்வி கேட்டால் "இருந்தோம்" என்று பதில் சொல்வது எங்கள் வகுப்பில் கொஞ்ச நாள் வழக்கமாகவே ஆகிவிட்டது. மேடம் மட்டும் சிரிக்கவில்லை. "வீட்டுல பொம்பளைங்க இருப்பாங்கல்ல, அவங்கள யாராச்சும் கேட்டீங்களா? அவங்களையும் பேச வைங்க" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. இன்றைக்கும் அதையேதான் நானும் சொல்வேன்.

ஊர்க்காரர்களுக்கு அவர் ஒரு வேடிக்கை. டீக்கடைக்காரர் எங்களுக்கு வாய் ஓயாமல் சொன்னார். டவுன் பஸ்ஸில் ஏறினால் "கோயிலுக்கு ஒண்ணு" என்று கங்கைகொண்ட சோழபுரத்துக்கு டிக்கெட் எடுப்பாராம். நடுவில் எங்கே தோன்றுகிறதோ அங்கே இறங்கிவிடுவாராம். "எங்க எறங்குறாருன்னு எவனுக்கும் தெரியக்கூடாதாம். இவர எவன் தொடந்து வரப்போறான், சொல்லு! கடன்காரன்கூட வரமாட்டான்" என்று கடைக்காரர் சிரித்தார். கோயில் திருவிழாவில் மைக்செட்காரன் "வெளியூரிலிருந்து வந்திருக்கும் இன்னாரை வரவேற்கிறோம்" என்று பெயர் பெயராகச் சொல்ல ஆரம்பித்தபோது, இவர் எழுந்துபோய் ஒயரைப் பிடுங்கிவிட்டாராம். பிள்ளையும் ராணுவத்தில் இருந்தான். எங்கே இருக்கான் என்று யார் கேட்டாலும் ஒரே பதில். "இருக்கான்."

பிள்ளை ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூப்பிடுவான். அந்த வீட்டில் ஒரு பட்டன் போன் இருந்தது. வாரம் முழுக்க அணைந்துபோய் அரிசி டின்னுக்குள் கிடக்கும். ஞாயிறு காலையில் எடுப்பார். பிள்ளை கூப்பிட்டால் அந்த அம்மா பேசலாம். மழை பற்றிப் பேசலாம், மாடு பற்றிப் பேசலாம். எங்கடா இருக்க, எப்படா வர என்று கேட்டால் பக்கத்தில் நின்று கையால் வெட்டிவிடுவார்.

எனக்கு அது புரியவே இல்லை. எங்கள் வீட்டில் போன் அணைந்தால் அடுப்பு அணைந்த மாதிரி. அத்தா நான் பிறந்ததிலிருந்து குவைத்தில் இருக்கிறார். நான் அவரை நேரில் பார்த்ததைவிட போனில் பார்த்ததுதான் அதிகம். காலையில் பல் விளக்குவதிலிருந்து இரவு என்ன குழம்பு என்பது வரை அம்மா அவரிடம் ஒப்பித்துவிடுவார். போனில் பேசக் கூடாது என்கிற வீட்டை நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டியது. பாவம் அந்த அம்மா என்று சுதாகரிடம் சொன்னேன்.

இரண்டாம் தடவை நாங்கள் போனபோது எல்லையில் சண்டை தொடங்கியிருந்தது. பஸ்ஸில் எல்லார் போனிலும் அதே செய்திதான் ஓடியது. அவர் வீட்டில் டிவி கிடையாது. பக்கத்து வீட்டு டிவி சுவரைத் தாண்டிக் கத்திக்கொண்டிருந்தது. அவர் கொல்லைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தார்.

சுதாகர் ஒரு போனைத் தூக்குவாளியில் போட்டான். அவனிடம் இன்னொன்று இருந்தது. அதை வெளியே எடுக்கவில்லை. நான் அதைக் கவனித்தேனா என்றால், இல்லை. கவனித்திருந்தால் பிடரியில் ஒன்று போட்டிருப்பேன். மேடம் சொன்னபடி அந்த அம்மாவைப் பேசவைக்கிறேன் என்று அவன் கொல்லைப்பக்கம் போனான். அங்கே அந்த அம்மா முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார். வாசல் அறையில் நானும் அவரும் உட்கார்ந்தோம்.

நான் எதுவும் கேட்கவில்லை. அவராகவே சொல்லத் தொடங்கினார். என் போன் தூக்குவாளியில் கிடந்தது. பதிவு எதுவும் இல்லை.

அவருக்கு மேலே ஒயர்லெஸ் வேலை. செட்டை எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு நேரம் பேச வேண்டும் என்பதற்கெல்லாம் கண்டிப்பான உத்தரவு. கூடுதலாகத் திறந்து கிடந்தால் இருக்கும் இடம் எதிரிக்குத் தெரிந்துவிடும். கூட ஒரு மலையாளப் பையன். அவனுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்று தகவல் வந்தது. கீழே இருந்த முகாமில் அவன் ஊர்க்காரன் ஒருவன் லீவு முடிந்து அப்போதுதான் வந்திருந்தான். குழந்தையை நேரில் பார்த்தவன் அவன்தான்.

"புள்ள யாரு மாதிரி இருக்குன்னு ஒரே ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்னான். கால்ல வுழுந்தான். குடுத்துட்டேன்." அவர் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார். "அவன் அம்மா மாதிரியாம். சிரிச்சான் பாரு, அப்படி ஒரு சிரிப்பு. நானும் சிரிச்சேன். செட்டு தொறந்தே கெடந்துச்சு."

அன்றைக்கே அந்த இடத்தில் குண்டு விழுந்தது. பையன் போய்விட்டான்.

"விசாரிச்சாங்க. அதனால இல்லன்னு சொல்லிட்டாங்க. அவனுங்க எப்பவும் அந்தப் பக்கம் அடிக்கிறவனுங்கதான், உன் மேல தப்பில்லன்னாங்க."

"அப்புறம் என்னங்கய்யா?"

"அவங்க சொன்னா ஆச்சா? அதனாலயா இல்லயான்னு எவனுக்குத் தெரியும்? எனக்குத் தெரியுமா? இத்தன வருஷமா அதேதான் யோசிக்கிறேன்." பிறகு குரலை இன்னும் தாழ்த்தினார். "இவகிட்ட சொன்னதில்ல. நீயும் சொல்லாத."

ஊரே சிரிக்கும் அந்தத் தூக்குவாளியைப் பார்த்து அதன்பிறகு என்னால் சிரிக்க முடியவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் சுதாகர் ஜன்னலோரமாகத் தலையைக் குனிந்து போனையே நோண்டிக்கொண்டு வந்தான். என்னடா என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல புள்ள, நாளைக்குப் பாரு" என்றான்.

நான் அதை என் அத்தா வழியாகத்தான் பார்த்தேன். குவைத்திலிருந்து அனுப்பியிருந்தார். "உங்க பக்கத்து ஊர் அம்மா போலிருக்கு. பாத்து ரூம்ல எல்லாரும் அழுதுட்டோம்" என்று குரல்பதிவும் போட்டிருந்தார். திறந்தால், கொல்லையில் முந்திரிக்கொட்டையோடு அந்த அம்மா! பின்னால் சோகப் பாட்டு. மேலே 'எல்லைச்சாமியைப் பெற்ற தாய்' என்று பெரிய எழுத்து. இத்தனை வருடமாகக் கையால் வெட்டப்பட்ட பேச்செல்லாம் அவர் வாயிலிருந்து சந்தோஷமாகக் கொட்டியது. பிள்ளை இருக்கும் ஊரின் பெயர், அங்கே பள்ளிக்கூடக் கட்டடத்தில் தங்கியிருப்பது, வெள்ளிக்கிழமை விடியக்காலம் வண்டியில் வேறு இடத்துக்குப் போகப்போவது. எல்லாம் பிள்ளை முந்தின ஞாயிறு போனில் வாய்தவறிச் சொன்னதை அந்த அம்மா பொத்திப் பொத்தி வைத்திருந்தது. பிள்ளையின் போட்டோவையும் கேமராவுக்குக் காட்டினார்.

அத்தாவின் ரூமில் எல்லா நாட்டு ஆட்களும் இருப்பார்கள். அங்கிருந்து யார் யாருக்கு எங்கெங்கே போயிருக்கும்? சுதாகரைக் கூப்பிட்டேன்.

"எவ்ளோ பேரு பாத்திருக்காங்க தெரியுமா! மேடமே ஷேர் பண்ணிட்டாங்க" என்றான்.

"அடப்பாவி, அந்த ஊரு பேரு, வெள்ளிக்கிழம, வண்டி... எல்லாத்தையும் போட்டிருக்கியேடா! அழிடா மொதல்ல."

அவனுக்கு அது உறைக்கவே கொஞ்ச நேரம் ஆனது. அழித்தான். ஆனால் என் அத்தை மகள் அதை இன்னொரு குழுவிலிருந்து எனக்கே மறுபடி அனுப்பினாள். வெள்ளிக்கிழமை வந்து போனது. எல்லையில் சண்டை என்றுதான் செய்தி சொன்னது, எந்த இடம் என்று சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டு வாசலில் நானும் சுதாகரும் போய் நின்றோம். வேறு யாராவது அதைக் காட்டுவதற்கு முன்னால் நாங்களே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தோம்.

பக்கத்து வீட்டு மருமகள் முந்திக்கொண்டிருந்தாள். "பாத்தியா தம்பி, என் மூஞ்சி ஊரெல்லாம் போயிடுச்சாம்!" என்று அந்த அம்மா சுதாகரின் கன்னத்தைத் தொட்டுத் தன் நெற்றியில் நெட்டி முறித்தார். "இவருக்கும் காட்டுனேன். ஒண்ணுமே சொல்லல. ஆச்சரியமா இருக்கு."

அவர் பட்டன் போனைக் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சுதாகரைப் பார்த்து வேப்பமரத்தடிக்கு வா என்று கண்ணைக் காட்டினார். அடிக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. அவர் கோபமே படவில்லை.

"எப்ப போட்ட?"

"செவ்வாக்கிழமைங்கய்யா."

"எப்ப எடுத்த?"

"மறுநா சாயங்காலம்ங்கய்யா."

"ஊரு பேரு தெளிவா கேக்குதா?"

"கேக்குதுங்கய்யா." சுதாகர் மூக்கை உறிஞ்சினான்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். எதையோ மனதில் கூட்டிப் பார்க்கிற முகம். பிறகு உள்ளே போய்ப் பழையபடி உட்கார்ந்தார். காலையில் வரும் போன் மத்தியானம் வரை வரவில்லை. அந்த அம்மா சோறு போட்டார். யாராலும் சாப்பிட முடியவில்லை. பக்கத்து வீட்டு டிவியில் யாரோ, ராணுவம் எங்கே போகிறது எங்கே வருகிறது என்று யாரும் வெளியில் போடாதீர்கள், எதிரி பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று அடித்தொண்டையில் சொன்னார்.

அந்த அம்மாவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

"ஏங்க. நான் அதுல வெள்ளிக்கிழமன்னு சொல்லிட்டேனே. ஊரையும் சொல்லிட்டேனே." அந்த அம்மாவின் முகம் எங்கள் கண்ணுக்கு எதிரிலேயே மாறியது. "போனும் வரலயே. என்னாலயாங்க? நான் பேசுனதாலயா?"

நான் அவரைப் பார்த்தேன். ஆயுசு முழுக்க அவரைத் தின்ற கேள்வியை அவர் மனைவி கையில் கரண்டியோடு நின்று கேட்கிறார்.

அவர் எழுந்தார். அந்த வீட்டில் நான் கேட்டிராத சத்தமான குரலில் சிரித்தார். "அடிப் பைத்தியக்காரி! நீ முந்திரிக்கொட்ட ஒடைக்கிறத எவன் ஒக்காந்து பாக்கப்போறான்? அவனுக்கு வேற வேல இல்ல? நான் ஒயர்லெஸ்ல இருந்தவன், எனக்குத் தெரியாதா? இதெல்லாம் யாரும் கேக்கவே மாட்டான். டிவிக்காரன் சும்மா கத்துறான்."

"அப்ப இத்தன வருஷம் எங்கிட்ட..."

"அது என் கிறுக்கு. ஊரே சொல்லுதுல்ல? கிறுக்குதான்." சுதாகரைத் திரும்பிப் பார்த்தார். "தம்பி, போன எடு. எவ்ளோ நல்லா பேசுறா! கொல்லைக்குக் கூட்டிட்டுப் போயி இன்னொருக்கா எடு. முந்திரிக் கொழம்பு எப்படி வெக்கிறதுன்னு சொல்லுவா. கொற வெக்காம எடு."

அந்த அம்மா நம்பினார். கொஞ்சம் கொஞ்சமாக முகத்தில் ரத்தம் திரும்பியது. "போங்க, வெக்கமா இருக்கு" என்று முந்தானையைச் சரிசெய்துகொண்டு சுதாகரோடு கொல்லைக்குப் போனார். அவர் பெஞ்சில் விழுந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். கொல்லையிலிருந்து, தேங்காயை அரைக்கணும் தம்பி, அப்பத்தான் கெட்டியா வரும் என்று குரல் கேட்டது.

அப்போது போன் அடித்தது.

அவர் பிள்ளையோடு போனில் பேசி நான் பார்த்ததில்லை. எடுத்துக் காதில் வைத்தார். பட்டன் போன், எதிரில் இருப்பவருக்கும் கேட்கிற சத்தம். நான் எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை.

"அப்பா, அம்மா பக்கத்துல இருக்கா?"

"இல்ல. சொல்லு."

"நான் நல்லா இருக்கேன்ப்பா. வெள்ளிக்கிழம காலைல கெளம்புனோம். ரோட்ல வெச்சு அடிச்சுட்டானுங்க. எங்களுக்கு முன்னால போன வண்டி மேலயே வுழுந்துச்சு. எங்க ட்ரைவரோட தம்பி அதுலதான் இருந்தான். போயிட்டான்ப்பா. இன்னும் ஒருத்தனும்." குரல் உடைந்தது. "எப்படித்தான் கரெக்டா அந்த நேரத்துக்கு அடிச்சானுங்களோ தெரியல. அம்மாகிட்ட சொல்லாதீங்க. பயந்துரும்."

அவர் நெற்றி நரம்பு துடிப்பதைப் பார்த்தேன்.

"சாப்டியா?" என்றார்.

"சாப்டேன்ப்பா."

"சரி. அம்மாவ கூப்புடுறேன்."

அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார். "வந்துருச்சா? என்னங்க சொன்னான்? நல்லா இருக்கானா?"

"நல்லா இருக்கான். சாப்டானாம்."

போனைக் கையில் கொடுத்தார். அந்த அம்மா அழுதார், சிரித்தார், வீடியோவில் வந்த கதையை மூச்சுவிடாமல் பிள்ளையிடம் சொன்னார். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "நல்லா பேசியிருப்பம்மா" என்று பிள்ளை சொன்னது எனக்குக் கேட்டது. அவர் கையால் வெட்டவில்லை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசட்டும் என்று வாசலுக்கு வந்துவிட்டார். நான் செருப்பை மாட்டும்போது பக்கத்தில் வந்து நின்றார்.

"நீ ஒண்ணும் கேக்கல, பாப்பா."

"கேக்கலங்கய்யா" என்றேன்.

பஸ்ஸில் சுதாகர் சீட்டில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். நாள் முழுக்கப் பிடித்திருந்த பயம் அவனை விட்டுப் போயிருந்தது. "செத்தேன்னு நெனச்சேன் புள்ள. சத்தியமா சொல்றேன், அவரு பையனுக்கு மட்டும் ஏதாச்சும் ஆயிருந்தா நான் மருந்தக் குடிச்சிருப்பேன்." கொஞ்ச தூரம் போனதும் என் பக்கம் திரும்பினான். "நீ முன்னாடிதான இருந்த? பையன் என்ன சொன்னாரு?"

உடையார்பாளையம் தாண்டி பஸ் அரியலூர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சாப்டாராம்" என்றேன்.